ஆயில் ஏறிய பவர் வீடர்: ஒரு பழுதின் நிகழ்வு ஆய்வு

சிறிய பெட்ரோல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வரும் கெட்டுப்போன எஞ்சின்களில் பாதிக்கு மேல் ஆயில் சம்பந்தப்பட்டவைதான். பெரும்பாலும் ஆயில் குறைந்து வந்த வினை. இங்கே எழுதுவது அதற்கு நேர் எதிரானது: ஆயில் கூடியதால் கெட்ட எஞ்சின். முதல் தடவை வந்தபோதே நான் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

பின்னணி

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பவர் வீடர் வாங்கியிருந்தார்கள். குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம், பருத்தி மூன்றுக்கும் வரிசை நடுவே களை எடுக்க அதுதான். சொந்தக் காட்டு வேலை முடிந்த நாட்களில் மணிக் கணக்கில் வாடகைக்கும் போகும். ஓட்டுவது அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த 23 வயதுத் தம்பி. கணக்கு பார்ப்பது மூத்த விவசாயி ஒருவர். அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, யார் காடு, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் பெட்ரோல் என்று நான்கு பத்தி. வாடகைக் கணக்குக்காக எழுதிய அந்த நோட்டு பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

எஞ்சின் 196 சி.சி., ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இதில் பிடிக்கும் ஆயில் வெறும் 600 மில்லி. ஆயில் பம்பு கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு கரண்டி போல நீட்டிக்கொண்டிருக்கும். ராட் சுற்றும்போது அது ஆயிலை அடித்து உள்ளே எல்லா இடத்திலும் தெறிக்கவிடும். அந்தத் தெறிப்புதான் எஞ்சினுக்கு மசகு. ராட் அலுமினியக் கலவை. கார் எஞ்சினில் இருப்பது போல நடுவில் தனி பேரிங் இல்லாமல் நேரடியாக கிராங்க் பின் (கிராங்க் தண்டில் ராட் பூட்டும் உருளை) மேல் உரசி ஓடுகிறது. அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். அந்தப் படலத்தின் கனம் போனால் எஞ்சின் போயிற்று.

இந்த மாடலில் ஆயில் சென்சாரும் உண்டு. ஆயில் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மிதவை இறங்கி எஞ்சினை நிறுத்திவிடும். விற்ற கடையில் இதை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் 20 மணி நேரத்தில் மாற்ற வேண்டிய ஆயிலையும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு தம்பியே மாற்றி வந்தார். சம்பவம் நடந்தபோது நோட்டுக் கணக்குப்படி எஞ்சின் ஓடியது ஏறக்குறைய 180 மணி நேரம். இந்த வகை எஞ்சினுக்கு அது ஒன்றும் வயதே இல்லை.

முதல் வருகை: பங்குனிக் கடைசி

மாசியில் நட்ட குச்சிக்கிழங்குக்கு முதல் களை ஓடிக்கொண்டிருந்த சமயம். தம்பி வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்தார். சொன்ன குறைகள் மூன்று. காலையில் கயிறு இழுக்கக் கடினமாக இருக்கிறது, சில நேரம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட் ஆனதும் நாலைந்து நிமிடம் வெள்ளைப் புகை. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு ஆயிலில் ஊறிக் கிடக்கிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மண்ணைக் கிளறும் கத்திப் பக்கம் கட்டை கொடுத்து எஞ்சினை மட்டமாக்கினேன். ஆயில் மூடியைத் திறந்ததும் ஆயில் வழிந்தது. இந்த எஞ்சினில் துவாரத்தின் விளிம்புவரை இருந்தால் அதுதான் முழு அளவு. வழிந்தால் அதிகம் என்று அர்த்தம். ஆயில் கறுத்தும் நீர்த்தும் இருந்தது.

"எப்படி ஊத்துவீங்க?" என்று கேட்டேன். காட்டில் வண்டி நிற்கிறபடியே ஊற்றுவதாகச் சொன்னார். பவர் வீடர் சும்மா நிற்கும்போது மூக்கு தாழ்ந்து கத்தி மேல் சாய்ந்து நிற்கும். ஆயில் துவாரம் பின்பக்கம் உயர்ந்துவிடும். அந்த நிலையில் விளிம்புவரை ஊற்றினால் 600 மில்லிக்கு மேலேயே போகும். இது தவிர, அளவுக்குச்சியைத் திருகி உள்ளே இறக்கிப் பார்க்கிற பழக்கமும் இருந்தது. இந்த எஞ்சினில் குச்சியைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி ஆழமாக இறங்கி, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில கம்பெனி எஞ்சின்களில் திருகித்தான் பார்க்க வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் பழக்கத்தில் செய்யக் கூடாத வேலை இது.

சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆயில் அதிகம் ஊற்றியிருக்கிறார், மிஞ்சிய ஆயில், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறியிருக்கிறது, அதனால்தான் புகை. மூன்றில் இரண்டு குறைக்கு விளக்கம் பொருந்தியது. கயிறு இழுத்துக்கொள்வதற்குப் பொருந்தவில்லை. அதை நான் தனியாக எடுத்து யோசிக்கவில்லை.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

ஆயில் நீர்த்திருந்ததற்கு வெயிலையும் ஆயிலின் தரத்தையும் காரணமாக்கினேன். அவர் அதுவரை ஊற்றியது 10டபிள்யூ-30, சில்லறையாக வாங்கியது. கையேட்டின் அட்டவணையில் பொதுப் பயன்பாட்டுக்கு 10டபிள்யூ-30, வெயில் அதிகமான காலத்துக்கு 20டபிள்யூ-40 என்று இரண்டும் இருந்தன. இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது ஆயில் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. பின்னால் வரும் 30, 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதற்கு. காற்றில் குளிரும் எஞ்சின் சித்திரை வெயிலில் மெதுவாக நகர்ந்து உழைக்கும்போது சூடு மிகவும் ஏறும். அப்போது 10டபிள்யூ-30 கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் உண்டு. ஆகவே 20டபிள்யூ-40க்கு மாறுவது தன்னளவில் தவறான முடிவு இல்லை.

சீல் பிரிக்காத டப்பாவில் 20டபிள்யூ-40, ஏ.பி.ஐ. எஸ்.எல். தரம் (பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கான தரக் குறியீடு) வாங்கி 600 மில்லி ஊற்றினேன். டப்பாவில் பைக் படம் போட்டிருந்ததும் தம்பிக்குச் சந்தேகம். பைக் ஆயிலில் இருக்கும் ஜாசோ எம்.ஏ. முத்திரை, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்காக. வீடரில் அப்படிக் கிளட்ச் இல்லை, பெல்ட்தான். முத்திரை தேவையில்லை, இருந்தால் கெடுதலும் இல்லை என்று சொன்னேன். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலை மட்டும் இதில் ஊற்றிவிடக் கூடாது என்றும் சொன்னேன். அந்தத் தவறோடு ஏற்கெனவே இரண்டு எஞ்சின்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

செய்யாமல் விட்டது இரண்டு. வடித்த ஆயிலை அளக்கவில்லை, நேராகக் கழிவு டின்னில் விட்டேன். முகர்ந்து பார்க்கவில்லை. பட்டறையில் எப்போதும் பெட்ரோல் வாடை இருக்கும், அதனால் மூக்குக்குத் தனியாக எதுவும் தெரியவில்லை. வண்டியை இறக்கும்போது பெட்ரோல் டேப் திறந்தே இருந்ததைப் பார்த்தேன். மூடினேன். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாம் வருகை: 17 நாள் கழித்து

சித்திரையில் ஒரு நாள் பதினோரு மணிக்கு தம்பி போன் செய்தார். "அண்ணா, உள்ள டக் டக்னு சத்தம் வருது. ஆயில் பாத்தேன், ஃபுல்லா இருக்கு." எப்போது சத்தம் வந்தது என்று கேட்டேன். கடைசி இரண்டு வரிசை பாக்கி இருந்ததால் ஓட்டி முடித்துவிட்டு நிறுத்தியதாகச் சொன்னார். இனிமேல் கயிறே இழுக்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன்.

இந்த முறை மூத்தவரும் நோட்டோடு வந்திருந்தார். ஆயில் மாற்றியதிலிருந்து 22 மணி நேரம் ஓடியிருந்தது. நடுவில் யாரும் ஆயில் ஊற்றவில்லை என்று இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். "ஆயில் குறைஞ்சா அதுவே நின்னுடும்னு கடையில சொன்னாங்களே தம்பி. நிக்கவே இல்லையே. அப்புறம் எப்படி?" என்றார் மூத்தவர். அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

எஞ்சினை மட்டமாக்கி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, இந்தத் தடவை அளவுக் குவளையில் வடித்தேன். நான் ஊற்றியது 600 மில்லி. வந்தது 850 மில்லி. குவளையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்தேன். பெட்ரோல். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தால் வழுக்கவே இல்லை, தண்ணீர் போல ஓடியது. டப்பாவில் மிச்சமிருந்த புது ஆயிலில் ஒரு சொட்டும், இதில் ஒரு சொட்டும் பழைய செய்தித்தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். புது ஆயில் சிறு வட்டமாக நின்றது. இது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவி, நடுவில் கறுப்புப் பொட்டும் சுற்றி அகலமான வெளிறிய வளையமுமாக ஆயிற்று. தம்பி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினைப் பிரித்தோம். ராட் உடையவில்லை. ஆனால் கிராங்க் பின்னைப் பிடிக்கும் வளையத்தின் உள்பக்கம் முழுவதும் நீளக் கோடுகள், நகத்தால் தொட்டால் தட்டும் ஆழத்தில். அங்கிருந்து உரிந்த அலுமினியம் கிராங்க் பின் மேல் ஒரு பக்கமாக வெள்ளிப் பூச்சு போல ஒட்டிப்போயிருந்தது. இன்னும் ஒரு காடு ஓட்டியிருந்தால் ராட் முறிந்து எஞ்சின் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது மட்டம் மட்டுமே, அந்த மட்டம் குறையவில்லை. குச்சியும் அப்படியே. இரண்டுமே பெட்ரோலையும் ஆயில் என்றே எண்ணின.

பெட்ரோல் வந்த வழி

ராடை மாற்றுவதற்கு முன் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை ஏறியதும் ஊசி வால்வு போய் அடைத்து வரத்தை நிறுத்த வேண்டும். ஊசி அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் உறிஞ்சு குழாய்க்குள் வழியும். கொஞ்சம் ஏர் ஃபில்டர் பக்கம் சொட்டும். உறிஞ்சு வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் மீதி சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் மேல் திரவம் நிற்பதால்தான் காலையில் கயிறு இழுக்க முடியவில்லை. நான் யோசிக்காமல் விட்ட மூன்றாவது குறை இதுதான். பிறகு அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இடுக்கு வழியாக மெல்லக் கீழிறங்கி ஆயிலோடு சேரும்.

இதைச் சும்மா ஊகமாக விடாமல், இதே மாதிரி எஞ்சின் ஒன்றில் அந்த கார்புரேட்டரையும் டேங்கையும் பூட்டிச் சோதித்தேன். மட்டமாக நிறுத்தி, விளிம்புவரை ஆயில் ஊற்றி, பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்து இரவு முழுவதும் விட்டேன். காலையில் மூடியைத் தளர்த்தியதும் ஆயில் வழிந்தது. மறுநாள் இரவு ஆயிலைச் சரி செய்து, டேப்பை மூடி வைத்தேன். காலையில் மட்டம் அப்படியே இருந்தது.

ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் ரப்பர் நுனியில் வளையமாக ஒரு பள்ளம். ஊசி உட்காரும் இடத்தில் துருத்தூள். டேங்கின் அடியிலும் அதே தூள். டேங்க் வடிகட்டி வலை ஓரத்தில் கிழிந்திருந்தது.

அதோடு பழக்கமும் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்ததும் எஞ்சினைச் சுவிட்சில் நிறுத்துவார்கள், டேப்பை மூட மாட்டார்கள். அப்படியே குட்டி யானையில் சாய்த்துப் படுக்க வைத்து, மண் ரோட்டில் அரை மணி நேரம் குலுக்கல். சாய்ந்து குலுங்கும்போது நல்ல ஊசியே ஒழுங்காக அடைக்காது, பள்ளம் விழுந்த ஊசி எப்படி அடைக்கும்? இன்னொன்று, வாடகைக்குப் போகும் வண்டி என்பதால் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி வேலைதான். நாள் முழுவதும் சூட்டில் ஓடினால் ஆயிலில் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகிப் போயிருக்கும். இங்கே அதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

மூத்தவரின் நோட்டை அப்போதுதான் நிதானமாகப் புரட்டினேன். தை வரைக்கும் பத்து மணி நேர வேலைக்கு 11 லிட்டர் அளவில் பெட்ரோல் ஆகியிருந்தது. மாசியில் 12. பங்குனியில் 13.5. மண் இறுகியதால் கூடுதலாகக் குடிக்கிறது என்று நினைத்தார்களாம். அந்த நினைப்பிலும் நியாயம் இருக்கிறது, இறுகின மண்ணில் அப்படி ஆகும். ஆனால் இரண்டு மாதமாகப் பழுதின் தடம் அந்த நான்காவது பத்தியில் எழுதப்பட்டே இருந்தது. முதல் வருகையில் நான் நோட்டைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாம் முடிவு

முன்னால் இருந்த வழிகள் மூன்று. புது எஞ்சின் மாற்றுவது, கிராங்க்கும் ராடும் சேர்த்து மாற்றுவது, ராட் மட்டும் மாற்றுவது. கிராங்க் பின்னில் ஒட்டிய அலுமினியத்தை நைஸ் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, நாடா போலச் சுற்றி, பொறுமையாக எடுத்தேன். பிறகு லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில் 29.96 மில்லிமீட்டர் இருந்தது. கையேட்டில் கொடுத்த எல்லை 29.92. வேறு திசையில் திருப்பி அளந்தும் அதே. வட்டம் கெடவில்லை. எனவே ராட், பிஸ்டன் ரிங், கேஸ்கெட், ஊசி வால்வு, டேங்க் வலை, டிரெயின் போல்ட் வாஷர் இவற்றை மட்டும் மாற்ற முடிவு செய்தோம். சிலிண்டரில் கீறல் இல்லை. ரிங்கை மாற்றியது, பெட்ரோல் கழுவிய சுவரில் பழைய ரிங் எப்படி உட்காரும் என்று எனக்கு நம்பிக்கை வராததால்.

இந்தக் களைப் பருவம் அவர்களுக்குப் போனதுதான் பெரிய நஷ்டம். உதிரி பாகம் வர நான்கு நாள், வேலை இரண்டு நாள். அதற்குள் களை முற்றிவிடும் என்று மூன்று காட்டில் ஆள் விட்டு எடுத்தார்கள். முதல் வருகையில் நான் ஆயிலை அளந்திருந்தால் வேலை ஒரு ஊசி வால்வோடு முடிந்திருக்கும் என்று மூத்தவரிடம் சொன்னேன். என் கூலியை வாங்கவில்லை, பாகங்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

பின் தொடர்ந்தது

புது ராட் என்பதால் முதல் ஐந்து மணி நேரம் பாதி வேகத்தில் ஓட்டச் சொன்னேன். 20 மணி நேரத்தில் ஆயிலைச் சூட்டோடு வடித்தோம். சூட்டில் வடித்தால்தான் அடியில் தங்கிய தூளும் சேர்ந்து வரும். வந்த அளவு 580 மில்லி. மெல்லிய உலோக மினுமினுப்பு இருந்தது, புதுப் பாகம் பழகும்போது வருவதுதான். பெட்ரோல் வாடை இல்லை. அடுத்த 50 மணி நேரத்தில் வடித்தபோது மினுமினுப்பும் இல்லை. கையேடு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்கிறது. எங்கள் பக்கத்துப் புழுதிக்கு நான் 50 மணி என்றுதான் சொல்கிறேன். 600 மில்லி ஆயிலின் விலைக்கு ராடைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் பழையபடி 10டபிள்யூ-30க்கே வந்தோம். ஆரம்பத்திலிருந்தே ஆயிலின் தரத்தில் குற்றம் இருக்கவில்லை.

வடித்த ஆயிலை வேலிக்காலில் கரையானுக்குப் பூசக் கேட்டார்கள். பெட்ரோல் கலந்தது, நெருப்புப் பிடிக்கும், மண்ணுக்கும் கேடு என்று சொல்லி, கழிவு ஆயில் எடுக்க வருபவரிடமே கொடுத்தேன்.

மாற்றிக்கொண்டவை

என் பக்கத்தில்: ஆயில் அதிகமாக இருக்கிறது என்று எந்த எஞ்சின் வந்தாலும் வடித்ததை அளக்கிறேன், வெளியே கொண்டுபோய் முகர்கிறேன், தாளில் சொட்டு வைக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. சொன்ன குறைகளில் ஒன்று என் விளக்கத்துக்குள் வரவில்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆயில் நீர்த்திருந்தால் கனமான ஆயிலுக்கு மாறுவதற்கு முன் ஏன் நீர்த்தது என்று பார்க்கிறேன். பங்குனியில் நான் ஊற்றிய 20டபிள்யூ-40 நோயைச் சில நாள் மறைத்ததே தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

அவர்கள் பக்கத்தில்: வண்டியை ஏற்றுவதற்கு முன் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறார்கள். குட்டி யானையில் படுக்க வைக்காமல் நிறுத்தியே கட்டுகிறார்கள். கொட்டகையில் சிமெண்ட் தரையில் ஒரு இடம் குறித்து, கத்திக்கு அடியில் வைக்கும் கட்டையையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். காலையில் அங்கே மட்டுமே ஆயில் பார்ப்பது. நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. ஆயில் மட்டம், ஊற்றியது எவ்வளவு, வாடை உண்டா இல்லையா.

ஐப்பசியில் ஒரு காலை தம்பி மறுபடி போன் செய்தார். "அண்ணா, மூடி திறந்ததும் வழியுது. ஸ்டார்ட் பண்ணலை." நேரில் போனேன். அளந்தால் 700 மில்லி. வாடை இல்லை, தாளில் வளையமும் இல்லை. முந்தின நாள் அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் காட்டிலேயே, வண்டி மூக்கு தாழ்ந்து நிற்கும்போது ஆயில் ஊற்றியிருந்தார். நூறு மில்லியை வடித்து எடுத்தோம். தம்பி நோட்டில் அதையும் எழுதிவிட்டு டேப்பைத் திறந்தார்.